ரேஞ்சுக்கும் வீட்டுக்கும் ஒரே செமி ஆட்டோ ஷாட்கன் போதுமா? டெல்லித் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

துக்ளகாபாத் ரேஞ்சுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் ஆர்.கே. புரம், மயூர் விஹார் அப்பாக்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "சார், செமி ஆட்டோ ஷாட்கன் ஒன்று வாங்கிவிட்டால் போட்டிக்கும் ஆச்சு, வீட்டுப் பாதுகாப்புக்கும் ஆச்சு, இல்லையா?" ஷாட்கன் என்றால் ஒரு தோட்டாவிலிருந்து பல சிறு ரவைகளைச் சுடும் துப்பாக்கி; செமி ஆட்டோ என்றால் ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது. யூடியூபில் அமெரிக்கர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். அந்த வீடியோக்களில் துப்பாக்கியைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அது வேறு நாட்டுச் சட்டத்துக்கும் வேறு மாதிரி வீடுகளுக்கும் பொருந்தும் பேச்சு.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்லியில் இருக்கும் ஒருவர், பறக்கும் தட்டுகளைச் சுடும் ட்ராப் அல்லது ஸ்கீட் போட்டியில் சுட ஆசைப்பட்டால், முதல் துப்பாக்கியாக ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல் கொண்ட ஓவர் அண்டர் டபுள் பேரலை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். வீட்டுப் பாதுகாப்பு என்பது தனிக் கணக்கு; அதை ரேஞ்ச் துப்பாக்கியின் தலையில் கட்டக் கூடாது. செமி ஆட்டோ யாருக்குப் பொருந்தும், எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பதையும் விவரமாகச் சொல்கிறேன். ஆனால் படிகளை வரிசையாக ஏறி வாருங்கள். கடைசிப் படியில் இருக்கும் மாடல் பெயரை முதலில் பிடித்துக்கொள்வதால்தான் பலருக்குப் பணமும் காலமும் வீணாகிறது.

முதல் படி: சட்டம் எதைத் தருகிறது என்று பாருங்கள்

இந்தியாவில் துப்பாக்கிகளுக்கான அடிப்படை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும். சட்டத்தின் 13ஆவது பிரிவு, குழல் நீளம் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரிகள் இல்லாத வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ ஒரு குடிமகன் கேட்பதைத் தனியாகக் குறிப்பிட்டுப் பேசுகிறது. 12 போர் (போர் என்பது குழலின் உள்ளளவு) டபுள் பேரலும், குழலுக்குக் கீழே உள்ள முன்கட்டையைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் ஆக்‌ஷனும் இந்த வழியில் வருபவை.

செமி ஆட்டோ இந்த வரிசையில் இல்லை. விதிகளின் முதல் அட்டவணையில், செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளும் 20 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ஷாட்கன்களும் கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வைக்கப்பட்டிருக்கின்றன. சாதாரண 12 போர் லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய் பெனெல்லி கம்பெனியின் செமி ஆட்டோ ஒன்றைக் காட்டி "இதைக் கட்டிக் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். அது உள்துறை அமைச்சகம் வரை போகும் விஷயம். "லைசென்ஸில் 12 போர் என்றுதானே போட்டிருக்கிறது, செமி ஆட்டோவும் 12 போர்தானே" என்று சமாதானம் சொல்பவர் கடைக்காரராக இருந்தாலும் நம்பாதீர்கள். போரும் வகையும் வெவ்வேறு. தப்பு நடந்தால் மாட்டுவது லைசென்ஸில் பெயர் உள்ளவர்தான்.

இன்னொரு பக்கம், போட்டி விதி. பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிகளின்படி ட்ராப், ஸ்கீட் இரண்டிலும் 12 போருக்கு மேல் போகாத எந்த ஷாட்கன்னும் செல்லும். செமி ஆட்டோவும் செல்லும். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் அதன் மேகஸினில் ஒரு தோட்டாவுக்கு மேல் போடமுடியாதபடி அடைத்திருக்க வேண்டும். பம்ப் ஆக்‌ஷன் மட்டும் செல்லாது.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். சாதாரண லைசென்ஸில் எளிதாகக் கிடைக்கும் பம்ப் ஆக்‌ஷன், போட்டியில் செல்லாது. போட்டியில் செல்லும் செமி ஆட்டோ, சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. இரண்டு பக்கமும் கேள்வி இல்லாமல் நிற்பது குழல் இரண்டையும் முறித்துத் திறக்கும் டபுள் பேரல் மட்டும்தான். நான் ஓவர் அண்டர் என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுவே. மீதிக் காரணம் பின்னால் வருகிறது.

இறக்குமதி விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். 1980களின் நடுவிலிருந்து பொதுமக்களுக்கான வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோய்விட்டது. இன்று புதிதாக வெளிநாட்டு ஷாட்கன் வருவது விளையாட்டு வீரர் என்ற தகுதியின் வழியாக, தேசிய ரைஃபிள் சங்கத்தின் காகிதங்களோடுதான். மற்றபடி சந்தையில் சுற்றுவது பழைய சரக்கு. பழைய பிரௌனிங், பெரெட்டாவுக்கு இங்கே கேட்கும் விலை அதன் பிறந்த நாட்டில் கேட்டால் நம்பமாட்டார்கள். புதிதாக உள்நாட்டில் செய்தது வேண்டும் என்றால், பழைய ஆர்டினன்ஸ் ஃபேக்டரிகள் 2021இல் கம்பெனிகளாகப் பிரிந்த பிறகு, சிறு ஆயுதங்கள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் வருகின்றன.

லைசென்ஸ் வாங்கும் வழி

டெல்லியில் லைசென்ஸ் தருவது டெல்லி போலீஸின் லைசென்ஸிங் பிரிவு. ஏ-1 படிவத்தில் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, உடல்நலமும் மனநலமும் சரியாக இருப்பதற்கான மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி முடித்த சான்று, வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி, அப்புறம் நேர்காணல். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். கிடைத்தவுடன் தேசியத் தரவுத்தளத்தில் உங்களுக்கு ஒரு தனி எண் போடப்படும்.

2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. இரண்டுதான் என்னும்போது ஒவ்வொன்றும் யோசித்து எடுக்க வேண்டிய இடம். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது போன்ற விஷயத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. வட இந்தியாவில் இருக்கும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு "கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்று கூப்பிடுவார்கள்.

விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடத்தில் உண்மையை எழுதுங்கள். விளையாட்டுக்கு என்றால் சங்க உறுப்பினர் அட்டை, போட்டிச் சான்றிதழ், பயிற்சியாளர் கடிதம் எல்லாம் பேசும். பாதுகாப்புக்கு என்றால் உங்களுக்கு என்ன அச்சம் என்று காட்ட வேண்டும். இரண்டையும் கலந்து எழுதினால் இரண்டும் பலவீனமாகிவிடும்.

அப்பா, தாத்தா வைத்திருந்த துப்பாக்கி வீட்டில் இருந்தால் அது வேறு பாதை. உரிமையாளர் இறந்த பிறகும், சில நிபந்தனைகளில் அவர் இருக்கும்போதே, வாரிசுக்கு மாற்றிக்கொள்ள விதி இருக்கிறது. அந்தத் துப்பாக்கி செமி ஆட்டோவாக இருந்தால் அதன் வகையைப் பழைய லைசென்ஸில் எப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்தது: வாங்குவதற்கு முன் சுடுங்கள்

டெல்லிக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி, துக்ளகாபாத்தில் இருக்கும் டாக்டர் கர்ணி சிங் ரேஞ்ச். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டி, 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பித்தது. ஐந்து ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்ட பீகானேர் மகாராஜாவின் பெயர். நம் ஊர்க்காரர் ஒருவரும் இந்த விளையாட்டில் மேலே வந்திருக்கிறார்: புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ட்ராப் ஆண்கள் அணித் தங்கம் வென்ற மூவரில் ஒருவர்; 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார்.

ட்ராப்பில் சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால், தரைக்குக் கீழே பதுங்கியிருக்கும் இயந்திரங்களிலிருந்து தட்டுகள் விலகிப் பறந்து போகும். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. தகுதிச் சுற்று மொத்தம் 125. ஒவ்வொரு தட்டுக்கும் தகுதிச் சுற்றில் இரண்டு முறை சுடலாம். ஸ்கீட்டில் இரண்டு பக்கக் கூண்டுகளிலிருந்து தட்டுகள் குறுக்கே போகும். எட்டு நிலைகளில் நின்று சுட வேண்டும். தட்டுக்கு ஒரே தோட்டா. தட்டின் குறுக்களவு 110 மி.மீ. மட்டுமே.

ஒரு சங்கத்தில் சேர்ந்து, பயிற்சியாளரின் பார்வையில், அங்கே கிடைக்கும் துப்பாக்கியில் சில மாதங்கள் சுட்டுப் பாருங்கள். ட்ராப்பா ஸ்கீட்டா என்பது அதற்குள் தெரிந்துவிடும். அது தெரியாமல் குழல் நீளமோ, சோக்கோ (ரவை எவ்வளவு விரியும் என்பதைத் தீர்மானிக்கும் குழல் நுனியின் இறுக்கம்), ஸ்டாக் (தோளில் ஊன்றும் பின்கட்டை) வடிவமோ முடிவு செய்ய முடியாது. ட்ராப் துப்பாக்கி கனமாக, 30 அல்லது 32 அங்குலக் குழலோடு, கொஞ்சம் மேலே சுடும்படி இருக்கும். தட்டு ஏறிக்கொண்டே போவதால் அது உதவி. ஸ்கீட்டுக்குச் சட்டென்று திரும்பும் துப்பாக்கியும், ரவை சீக்கிரம் விரியும் திறந்த சோக்கும் வேண்டும்.

தோட்டாவைப் பற்றியும் இங்கேயே யோசியுங்கள். ஐ.எஸ்.எஸ்.எஃப். போட்டியில் ஒரு தோட்டாவில் 24 கிராம் ரவைதான். அரை கிராம் வரை கூடினால் மன்னிப்பு. ரவையின் குறுக்களவு 2.6 மி.மீ.க்கு மேல் கூடாது. 125 தட்டு, தட்டுக்கு இரண்டு என்றால் ஒரு போட்டியிலேயே 250 தோட்டா வரை போகும். பாதுகாப்புக்காக வாங்கிய லைசென்ஸில் ஒரே சமயத்தில் எத்தனை, ஆண்டுக்கு எத்தனை என்று ஒரு வரம்பு எழுதியிருப்பார்கள். அந்த வரம்பில் ஒரு மாதப் பயிற்சிகூட ஓடாது. போட்டியில் உண்மையாக ஆர்வம் உள்ளவர் சங்கம், போட்டித் தகுதி என்ற பாதையில் போக வேண்டியதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

செமி ஆட்டோ எப்படி வேலை செய்கிறது, அதனால் என்ன

தனி அனுமதி உள்ளவர்கள், வாரிசாகப் பெற்றவர்கள், வெளிநாட்டில் வேலைக்குப் போய் அங்கே சுடுபவர்கள் ஆகியோருக்கு இந்தப் பகுதி.

ஒரு தோட்டா வெடித்ததும் காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை உள்ளே ஏற்ற செமி ஆட்டோவுக்குச் சக்தி வேண்டும். அதை எங்கிருந்து எடுக்கிறது என்பதில் மூன்று வழிகள். ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1902இல் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் செய்யத் தொடங்கிய ஆட்டோ-5இல் குழலே பின்னால் நகரும். இந்தியாவில் பழைய செமி ஆட்டோ என்று கையில் கிடைத்தால் பின்புறம் திமில் போல எழும்பிய அந்த வடிவத்தை அடிக்கடி பார்க்கலாம். அதில் முன்கட்டைக்குள் உராய்வு வளையங்கள் இருக்கும். லேசான தோட்டாவுக்கு ஒரு மாதிரியும் கனமான தோட்டாவுக்கு ஒரு மாதிரியும் அவற்றை மாற்றி அடுக்க வேண்டும். தப்பாக அடுக்கிச் சுட்டால் முன்கட்டை பிளந்துபோகும். பழைய ஆட்டோ-5 வாங்குபவர் முதலில் முன்கட்டையைக் கழற்றி உள்பக்கம் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கேஸ் முறை. குழலில் ஒரு சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயுவை இழுத்து பிஸ்டனைத் தள்ளும். 1963இல் வந்த ரெமிங்டன் 1100, இன்றைய பெரெட்டா ஏ400, 1301 எல்லாம் இந்த ரகம். உதைப்பு ஒரேயடியாக வராமல் நீண்டு வருவதால் தோளுக்கு இதம். ஒரு நாளில் நூறு தோட்டாவுக்கு மேல் சுடுபவருக்கும், எடை குறைந்த பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் இது பெரிய லாபம். பதிலுக்கு பிஸ்டனில் கரி படியும், தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும்.

மூன்றாவது, இனர்ஷியா முறை. பெனெல்லி எம்2 போன்றவை. துப்பாக்கி பின்னால் உதைக்கும் வேகத்தில் தோட்டா அறையை மூடும் போல்ட்டுக்குள் இருக்கும் ஒரு ஸ்பிரிங் அமுங்கி வேலை நடக்கும். உள்ளே கரி குறைவு, பாகங்கள் குறைவு, எடை குறைவு. ஆனால் தோளில் ஒழுங்காக ஊன்றாமல் சுட்டால் அடுத்த தோட்டா ஏறாமல் சிக்கும். 24 கிராம் தோட்டா உதைப்பு குறைந்தது. சில இனர்ஷியா துப்பாக்கிகள், அதுவும் புதிதாக ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும்போது, அதில் தடுமாறும். போட்டிக்கு இனர்ஷியா எடுப்பவர் எந்தத் தோட்டாவைச் சுடப்போகிறாரோ அதே தோட்டாவில் ஓட்டிப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. கேஸ் துப்பாக்கியிலும் இந்தச் சோதனை வேண்டும்.

பெனெல்லி என்றாலே இனர்ஷியா என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க மரைன் படை எடுத்துக்கொண்ட பெனெல்லி எம்4 கேஸ் முறைதான்.

சரி, இவ்வளவு இதமான செமி ஆட்டோவை விட்டுவிட்டு ஒலிம்பிக் மேடையில் ஏன் எல்லோரும் பெரசி, பெரெட்டா ஓவர் அண்டரோடு நிற்கிறார்கள்? ஓவர் அண்டரில் இரண்டு குழல், இரண்டு சோக். ட்ராப்பில் முதல் தோட்டா அருகிலும் இரண்டாவது தூரத்திலும் தட்டைப் பிடிக்கும்; இரண்டுக்கும் வேறு வேறு இறுக்கம் வைக்கலாம். செமி ஆட்டோவில் ஒரே குழல், ஒரே சோக். மேலும், ஓவர் அண்டரில் சிக்க ஒன்றும் இல்லை. செமி ஆட்டோ காலித் தோட்டாவை வலப்பக்கம் வீசும். ட்ராப் வரிசையில் வலப்பக்கம் நிற்பவரின் கண்ணோரம் அது பறந்துகொண்டே இருந்தால் அவர் சும்மா இருக்க மாட்டார்.

என்னைப் பொறுத்தவரை இவற்றையெல்லாம் விடப் பெரியது இன்னொன்று. முறித்துத் திறந்த டபுள் பேரல் காலியாக இருப்பது பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் தெரியும். செமி ஆட்டோ காலியா இல்லையா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்தி, அறைக்குள் எட்டிப் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவி, பிறகு கீழே மேகஸின் குழாயின் வாயிலும் விரலை வைத்து அங்கே தோட்டாவின் பித்தளை விளிம்பு தட்டுப்படவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அறை காலியாக இருந்து மேகஸினில் ஒன்று கிடந்தால், சில துப்பாக்கிகளில் போல்ட்டை ஒருமுறை இழுத்துவிட்டாலே அது மேலே ஏறிவிடும். பிள்ளைகள் பழகும் இடத்தில், வீட்டில், இந்த வித்தியாசத்துக்கு நான் நிறைய மதிப்பு கொடுக்கிறேன்.

உடம்புக்குப் பொருந்துகிறதா

இதைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். ரைஃபிளில் பின் குறி, முன் குறி இரண்டும் இருக்கும். ஷாட்கன்னில் பின் குறி உங்கள் கண்தான். கன்னம் ஸ்டாக்கில் எங்கே உட்காருகிறதோ அதைப் பொறுத்தே ரவை போகும் இடம். பொருந்தாத விலையுயர்ந்த துப்பாக்கியை விட, பொருந்தும் சாதாரணத் துப்பாக்கி அதிகம் தட்டு உடைக்கும்.

முதலில் எந்தக் கண் ஆளுமைக் கண் (குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண்) என்று பாருங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, இரண்டு கண்ணும் திறந்தபடி அதன் வழியாகத் தூரத்தில் ஒரு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். கம்பி ஓட்டையை விட்டு விலகாமல் கைகளை மெல்ல முகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓட்டை எந்தக் கண்ணில் வந்து நிற்கிறதோ அதுதான். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆளுமையாக இருந்தால் பயிற்சியாளரிடம் சொல்லி, இடத்தோளுக்கு மாறுவதா கண்ணாடியில் மறைப்பதா என்று தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். இடத்தோள் என்று முடிவானால், வலப்பக்கம் காலித் தோட்டா வீசும் செமி ஆட்டோ முகத்துக்கு முன்னால் வீசும். இடக்கைக்காரர் மாடலைத்தான் தேட வேண்டும்.

அடுத்தது, காலி என்று உறுதி செய்த துப்பாக்கியைக் கையில் பிடித்து, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு இயல்பாகத் தோளுக்கு ஏற்றுங்கள். கன்னம் உட்கார்ந்ததும் கண்ணைத் திறங்கள். குழலின் மேல்பட்டை தட்டையாக, நுனி மணி நடுவில் தெரிந்தால் நல்லது. பட்டை நீளமாக, சாலை ஏறிப்போவதுபோலத் தெரிந்தால் ஸ்டாக் உயரம் கூடுதல். ரவை மேலே போகும். குழலின் பின்பகுதி மட்டும் மறைத்து நின்றால் உயரம் போதவில்லை. மணி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் ஸ்டாக்கின் பக்கச் சாய்வு சரியில்லை. இன்றைய நல்ல செமி ஆட்டோக்களில் ஸ்டாக்குக்கும் உடலுக்கும் நடுவில் போடச் சிறு தகடுகள் கூடவே வரும். அவற்றை மாற்றியே உயரத்தையும் சாய்வையும் சரிசெய்யலாம். பழைய மரத் துப்பாக்கியில் இதற்கு நல்ல ஆசாரி கை வேண்டும்.

டெல்லிக்கே உரிய ஒன்று இங்கே இருக்கிறது. ஜூனில் டி-ஷர்ட்டோடு அளவெடுத்த ஸ்டாக், ஜனவரியில் ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் போட்டால் நீளமாகிவிடும். தோளுக்கு ஏற்றும்போது அக்குளில் தட்டும். ஸ்டாக்கின் பின்நுனியில் மாட்டும் ரப்பர் பேடை இரண்டு தடிமனில் வைத்துக்கொண்டு பருவத்துக்கு ஏற்ப மாற்றுவது எளிய வழி. நவம்பர் புகையில் தட்டு மங்கலாகத் தெரியும்போது ஸ்டாக் பொருத்தமும் தப்பினால் ஸ்கோர் சரிவதற்குக் காரணம் எது என்றே கண்டுபிடிக்க முடியாது.

பழைய துப்பாக்கி எடுப்பவர்கள் பார்க்க வேண்டியது

அறையின் நீளம் முதல் கேள்வி. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மி.மீ.; இன்றைய தோட்டா பெரும்பாலும் 70 மி.மீ. நீளமான தோட்டா அறைக்குள் நுழைந்துவிடும், ஆனால் வெடித்து வாய் விரியும்போது இடம் போதாமல் அழுத்தம் ஏறும். குழலின் அடியில் பொறித்திருக்கும் முத்திரைகளில் அளவு இருக்கும். தெரிந்தவரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். குழலின் மேல் நாகத்தோல் போல வரிவரியாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், இன்றைய தோட்டா போடக் கூடாது.

டபுள் பேரலைத் திறந்து மூடி, முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பூட்டு தேய்ந்திருக்கிறது. குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள்: நிழல் வளையம் தெரிந்தால் எங்கோ உப்பியோ நசுங்கியோ இருக்கிறது. பின்னாலிருந்து ஒளி விட்டால் வழவழப்பான நீண்ட கோடுதான் தெரிய வேண்டும்.

வீட்டில் 12 போரும் 20 போரும் சேர்ந்து இருந்தால் தோட்டாக்களைத் தனித்தனிப் பெட்டியில், தனித்தனிப் பூட்டில் வையுங்கள். 20 போர் தோட்டா 12 போர் அறையில் விழுந்தால் நிற்காது. கொஞ்சம் உள்ளே போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் ஒரு 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இடக்கை இருக்கும் இடம் அதுதான்.

வீட்டுப் பாதுகாப்பு

டெல்லியில் நம் ஆட்கள் பெரும்பாலும் அடுக்குமாடியில் இருக்கிறோம். வாசல் கதவு, இரும்புக் கிரில், பின்பக்க பால்கனி, மாடிப்படி விளக்கு, வாசல் காமிரா, குடியிருப்போர் சங்கத்தின் இரவுக் காவலர், அவசரத்துக்கு 112. இவற்றில் எது பலவீனமோ அதில் முதலில் பணம் போடுங்கள். இந்தப் பட்டியல் முடியாமல் துப்பாக்கிக்குப் போவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

அதற்குப் பிறகும் உண்மையான அச்சுறுத்தல் இருக்கிறது, சத்தர்பூர் பக்கம் தனிப் பண்ணை வீடு, ஆள் நடமாட்டம் இல்லை என்பவருக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட டபுள் பேரலோ பம்ப் ஆக்‌ஷனோ போதும். செமி ஆட்டோவின் வேகம் ஒரு வீட்டுக்குள் அவ்வளவு தேவைப்படுவதில்லை. பம்ப்பில் எந்தத் தோட்டாவானாலும் கை பலத்தில் ஓடும், லேசான தோட்டாவில் சிக்கும் பிரச்சினை இல்லை. பதற்றத்தில் பாதி இழுத்துவிட்டால் மட்டும் சிக்கும். அதனால் பழகியிருக்க வேண்டும்.

ஷாட்கன் என்றால் குறி பார்க்க வேண்டாம், அறை முழுக்க ரவை பரவும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். ஒரு அறையின் நீளத்துக்குள் ரவை உள்ளங்கை அளவுக்குத்தான் விரிந்திருக்கும். தவறினால் முழுதாகத் தவறும். புனேயின் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை செய்யும் ஷக்திமான் எக்ஸ்பிரஸ் தோட்டா வரிசையில் வரும் எல்.ஜி., எஸ்.ஜி. போன்ற பெரிய குண்டுகள் மரக் கதவையும் ஜன்னலையும் தாண்டி அடுத்த அறைக்கோ அடுத்த வீட்டுக்கோ போகும். கதவுக்குப் பின்னால் யார் தூங்குகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருட்டில் யார் என்று பார்க்காமல் சுடக் கூடாது. விளக்கு போடும் வழி கையருகே இருக்கட்டும். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த மகனாக இருக்கலாம், சாவி மறந்த வேலைக்காரராக இருக்கலாம்.

சட்டப்படி, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. கொள்ளை, இரவில் வீடு உடைத்து நுழைவது போன்ற சில சந்தர்ப்பங்களில் அந்த உரிமை உயிர் போகும் அளவுக்கும் நீளும். ஆனால் தேவைக்கு மேல் போனால் அதே சட்டம் காப்பாற்றாது. திருடன் முதுகைக் காட்டி ஓடும்போது சுட்டால், அதற்குப் பிறகு பேச வேண்டியது வக்கீல்தான்.

தேர்தல் காலத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ அனுமதி பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்லும் வழக்கம் உண்டு. அந்த வாரங்களிலும் உங்கள் வீடு பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதால்தான் கதவையும் கிரில்லையும் முதலில் சொன்னேன்.

வீட்டில் துப்பாக்கி வந்த பிறகு, அது காலியாக, இரும்பு அலமாரியில், தோட்டா வேறு பூட்டில், சாவி உங்கள் உடம்போடு. பிள்ளைகளுக்குச் சாவி இருக்கும் இடம் தெரியாது என்று பெற்றோர்கள் நம்புகிறார்கள், பிள்ளைகளுக்குத் தெரியும். வீட்டில் யாராவது மனச்சோர்வில், குடிப்பழக்கத்தில் இருந்தால், அந்தக் காலம் முடியும் வரை துப்பாக்கியை வீட்டில் வைக்கவே வேண்டாம். அனுமதி பெற்ற கடையில் ஒப்படைத்து வைக்கலாம். இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள், கடைக்காரர் காரணம் கேட்க மாட்டார்.

வாங்கிய பிறகு

துப்பாக்கியை எடுத்ததும் அதன் எண் லைசென்ஸில் சரியாக ஏறியிருக்கிறதா என்று கடையிலேயே எழுத்தெழுத்தாகப் பாருங்கள். குறித்த காலத்துக்குள் லைசென்ஸிங் பிரிவில் காட்டிப் பதிவு செய்துவிடுங்கள். லைசென்ஸ் டெல்லிக்கு மட்டுமா, இந்தியா முழுக்கவா என்றும் பாருங்கள்; திருச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போட்டிக்கு எடுத்துப் போக நினைப்பவருக்கு இது முக்கியம்.

மே, ஜூன் மாத லூ காற்றில் ஆரவல்லிச் செம்மண் எங்கும் புகும். அப்போது எண்ணெயைத் தாராளமாக விடுபவர்கள் தூசியைத்தான் ஒட்டவைக்கிறார்கள். செமி ஆட்டோவில் பிஸ்டன், போல்ட் தண்டவாளம், மேகஸின் குழாய் மூன்றையும் துடைத்து, துணியில் தொட்ட அளவு எண்ணெய் போதும். மழைக்காலத்தில் நேர்மாறு: ஈரத்தில் ரேஞ்சிலிருந்து வந்தால் அன்றைக்கே குழலைத் துடைத்து, வெளிப்புறம் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு விட்டுத்தான் அலமாரிக்குள் வைக்க வேண்டும். துணி உறையிலேயே போட்டு வைத்தால் உறை ஈரத்தைப் பிடித்துவைத்து ஒரு வாரத்தில் துருப்புள்ளி காட்டும்.